அரைக் குடம் தண்ணீரில் ஒரு பூந்தோட்டம்!

அடுப்படியில் இருக்கும் வெங்காயக் கூடையைக் கொஞ்சம் பாருங்கள்.

மண் இல்லை. தண்ணீர் இல்லை. வெயிலும் படவில்லை. ஆனாலும் அடியில் கிடந்த வெங்காயம் ஒன்று பச்சைத் தளிரை நீட்டிக்கொண்டிருக்கும். "அடடா, முளைத்துவிட்டதே!" என்று வீட்டுக்கார அம்மாள் அதை எடுத்துக் குப்பையில் போடுவார்.

அந்தத் தளிருக்கு அத்தனை நாள் சோறு போட்டது யார்?

வெங்காயமேதான்! நாம் வெங்காயம் என்று உரிப்பது பருத்த இலைகளின் அடுக்கு. மழை பெய்த காலத்தில் தண்ணீரையும் சர்க்கரையையும் சேர்த்து அந்த அடுக்குக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது செடி. மண் காய்ந்தால் மேலே உள்ள தாள் கருகிவிடும். கீழே உள்ள குமிழ் உறங்கும். வேளை வந்ததும், யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டாலும், சேமிப்பை எடுத்துச் செலவழித்துக்கொண்டு எழுந்துவிடும்.

வெங்காயத்தின் பிறந்த ஊர் மத்திய ஆசியா. காய்ந்த மலைப் பகுதி. அங்கே பிழைக்கக் கற்றுக்கொண்ட வித்தை இது. உலகத்தில் வறண்ட நாடுகள் எங்கெங்கே உண்டோ, அங்கெல்லாம் இந்த வித்தை தெரிந்த செடிகள் நிறைய உண்டு. சிலவற்றுக்குக் குமிழ்; சிலவற்றுக்குக் கிழங்கு; சிலவற்றுக்கு அடிமரமே பீப்பாய் மாதிரிப் பருத்திருக்கும். எல்லாம் ஒரே காரியத்துக்குத்தான்.

இந்தக் கிழங்குப் பூக்களைப் பற்றியும், பனி முடிகிற வேளையில் வறண்ட மண்ணில் பூக்கிற மற்றப் பூக்களைப் பற்றியும் இந்த வாரம் பேசலாம். தண்ணீர் தாராளமாக உள்ள ஊர்க்காரர்கள் இதைப் படித்தே ஆகவேண்டும் என்பதில்லை. அவர்களுக்கு ரோஜா இருக்கிறது, புல்தரை இருக்கிறது. நான் எழுதுவது கிணறு வற்றுகிற ஊர்களுக்கு.

பாலைக்கு ஒரு பருவம்

வருடத்தை ஆறு பருவமாகப் பிரித்தார்கள் நம் முன்னோர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி.

ஒவ்வொரு திணைக்கும் உரிய காலத்தைச் சொல்லிக்கொண்டு போகிறது தொல்காப்பியம். பாலைக்கு எது? வேனில் காலம் என்கிறது. அது யாருக்கும் தெரியும், வெயிலில்தானே பாலை? ஆனால் அதோடு நிற்கவில்லை. பின்பனியும் பாலைக்கு உரியதுதான் என்று சேர்த்துச் சொல்கிறது.

முதலில் படிக்கும்போது இது வேடிக்கையாக இருக்கும். பாலைக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?

மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஊர்ப்புறத்தில் நடந்து பார்த்தால் தெரியும். வரப்பில் பனி. ஏரியில் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போய்விட்டது. எட்டு மணிக்குமேல் வெயில் சுரீர் என்கிறது. மழை நின்று இரண்டு மாதம் ஆயிற்று. இனி வர நாலைந்து மாதம் ஆகும். நிலம் பாலையாக மாறத் தொடங்கும் மாதம் அது. இலக்கணம் எழுதியவர் வெளியே போய்ப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தன் இயல்பு கெட்டுப்போனால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதாவது, பாலை என்று தனியே ஒரு தேசம் வேண்டியதில்லை. நம் ஊரே வருடத்தில் சில மாதம் பாலை ஆகும்.

தறி ஊரில் தண்ணீர்க் கணக்கு

திருத்தணிப் பக்கத்தில் உள்ள அம்மையார்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்.கே.பேட்டை வட்டம். ஆந்திர எல்லை அருகில். நெசவு ஊர். கைத்தறியும் விசைத்தறியும் சேலை நெய்கிற ஊர். திருத்தணிப் பகுதி முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

இந்தச் சீமையை யாரும் பாலைவனம் என்று சொல்ல முடியாது. ராஜஸ்தானத்து ஜெய்சல்மீரில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 200 மில்லிமீட்டர். திருவள்ளூர் மாவட்டத்தில் 1000 மில்லிமீட்டருக்குமேல் பெய்கிறது. ஐந்து மடங்கு!

பிறகு ஏன் வறட்சி? பெய்வதெல்லாம் ஆனி, ஆடியில் தொடங்கி மார்கழிக்குள் பெய்துவிடுகிறது. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது. பாறை மலை, சரிவான நிலம், தண்ணீர் நிற்பதில்லை. ஆந்திராவிலிருந்து பள்ளிப்பட்டுப் பக்கம் நுழைந்து பூண்டிக்குப் போகும் கொசஸ்தலை ஆற்றில் மழைக்காலத்தில்தான் வெள்ளம். தை முதல் வைகாசி வரை வானம் கையை விரித்துவிடும்.

இங்கேதான் நான் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். "வீட்டுக்கு ஒரு தோட்டம் போடுங்கள், மனத்துக்குக் குளிர்ச்சி" என்று பத்திரிகைகளில் எழுதுகிறோம். நல்ல யோசனைதான். அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமப்பது யார்?

ஆண்கள் சுமப்பதில்லை. சந்தேகம் இருந்தால் எந்தத் தெருக் குழாயடியிலும் போய் நின்று எண்ணிப் பாருங்கள். பத்துக் குடத்தில் எட்டுக் குடம் பெண்களின் இடுப்பில்தான் இருக்கும். பாவு ஓட்டி, நூல் சுற்றி, சமைத்து, பாத்திரம் துலக்கி, அதற்குமேல் ரோஜாச் செடிக்கும் இரண்டு குடம் சுமக்கச் சொன்னால், அந்தத் தோட்டம் யாருக்குக் குளிர்ச்சி?

ஆகவே என் அபிப்பிராயம் இது: வறண்ட ஊரில் ஒரு வீட்டுத் தோட்டம் நாளுக்கு அரைக் குடத்துக்குமேல் தண்ணீர் கேட்கக் கூடாது. கேட்டால் செடியை மாற்ற வேண்டும். பெண்பிள்ளையை இன்னொரு நடை அனுப்பக் கூடாது.

தை, மாசியில் பூ ஏன் கசக்கிறது?

பூ இல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இருக்க முடியாது என்பதுதான் நம் வீட்டு நிலைமை.

பூ அதிகம் வேண்டியிருக்கும் மாதங்கள் எவை? தை பிறந்ததும் கலியாணங்கள் ஆரம்பம். தைப்பூசம், தைக் கிருத்திகை. மாசியில் சிவராத்திரி, மாசி மகம். பங்குனியில் உத்திரம். முருகன் மலைக்குப் பக்கத்து ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

மல்லிகைக்கோ அப்போதுதான் ஓய்வு. பனியில் மல்லிகை மொட்டு வைக்காது. பங்குனிக்கு மேல்தான் அதற்கு ராஜயோகம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைக்குரிய மல்லிகூட மார்கழி, தையில் சந்தைக்குக் கொஞ்சம்தான் வரும். கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறியதைப் பத்திரிகையில் ஆண்டுதோறும் படிக்கிறோம். முழம் போட்டு விற்கிற அம்மாள் முழங்கையைச் சுருக்கி அளப்பதில் ஆச்சரியம் என்ன!

நெசவுக் கூலியில் குடும்பம் நடத்தும் வீட்டில், பெண் குழந்தை "பூ வேணும்மா" என்று நிற்கிறாள். மாசி மாதத்து மல்லிகையை வாங்கிக் கொடுக்க எத்தனை தாயாருக்கு முடியும்?

மல்லிகை பூக்காத மாதத்தில் பூக்கிற செடி வீட்டில் இருந்தால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது.

டூலிப் மயக்கம்

பனிக்காலக் கிழங்குப் பூ என்றதும் சிலர் படத்தில் பார்த்த டூலிப்பை நினைப்பார்கள். கண்ணைப் பறிக்கும் பூதான். அதன் பூர்வீகமும் மத்திய ஆசிய மலைகளே. துருக்கிக்குப் போய், அங்கிருந்து ஹாலந்துக்குப் போயிற்று. 1637 வாக்கில் ஹாலந்துக்காரர்களுக்கு இந்தக் கிழங்கின் மேல் பைத்தியமே பிடித்தது. அபூர்வக் கிழங்கு ஒன்று ஒரு வீட்டின் விலைக்குப் போயிற்று என்பார்கள். பிறகு ஒரே வாரத்தில் விலை விழுந்து பலர் தலையில் துண்டு!

நம் நாட்டில் ஸ்ரீநகரில் தால் ஏரிக்குப் பக்கத்தில் டூலிப் தோட்டம் இருக்கிறது. 2007-இல் திறந்தார்கள். குளிர் முடிந்து மார்ச் கடைசியில் பூக்கும். தலைநகர் தில்லியிலும் சாலையோரங்களில் பிப்ரவரியில் டூலிப் பூக்க வைக்கிறார்கள். 2023-இல் அதற்கு ஒரு திருவிழாவே நடந்தது.

ஆனால் தில்லிச் சங்கதியில் ஒரு ரகசியம் உண்டு. அந்தக் கிழங்குகள் ஹாலந்திலிருந்து வந்தவை. டூலிப் கிழங்கு பூக்க வேண்டுமானால் பன்னிரண்டு வாரத்துக்குக் குறையாமல் கடுங்குளிரில் கிடந்திருக்க வேண்டும். குளிர்ப்பதனத்தில் வைத்து அந்தக் குளிரைக் காட்டித்தான் நடுகிறார்கள். ஒரு முறை பூக்கும். தில்லி வெயிலில் மறு வருடம் அதே கிழங்கு பூப்பதில்லை.

அம்மையார்குப்பத்தில் பனிக்காலத்திலும் அந்தக் குளிர் கிடையாது. கடைகளில் வண்ணப் படம் ஒட்டிய பொட்டலத்தில் டூலிப், நார்சிசஸ் கிழங்கு விற்கிறார்கள். சமவெளியில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம். கொடுத்த காசுக்கு வெங்காயம் வாங்கினால் சாம்பாராவது வைக்கலாம். உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கட்டும்.

பாலையில் பூக்கும் கோலம்

உண்மையான வறண்ட நாடுகளில் என்ன நடக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கில் நமாகுவாலாந்து என்று ஒரு காய்ந்த பிரதேசம். அங்கே மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். அவர்களுடைய குளிர்காலம் நமக்கு ஆனி, ஆடி. அது முடியும் ஆகஸ்டு, செப்டம்பரில் பொட்டல் முழுவதும் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூ விரித்துவிடும். பக்கத்திலேயே நியூவூட்வில் என்ற சின்ன ஊர். கிழங்குப் பூக்களின் உலகத் தலைநகரம் என்றே அதற்குப் பெயர்!

இஸ்ரேலின் தெற்கே நெகேவ் பாலைவனம். அதன் வடக்கு ஓரத்தில் பிப்ரவரி மாதம் சிவப்பு அனிமோனி பூக்கள் கம்பளம் விரித்ததுபோல் பூக்கும். அதுவும் கிழங்கிலிருந்து எழுவதுதான். ஜனங்கள் குழந்தை குட்டியோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நம் ராஜஸ்தானத்திலோ ரோகிடா என்ற மரம். குளிர் குறையும் வேளையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும். அந்த மாநிலத்தின் மாநில மலர் அதுவே. அதன் கட்டைக்கு மார்வார் தேக்கு என்று பெயர். ஆழத்தில் வேர் விட்டுத் தண்ணீர் தேடிக்கொள்ளும். வறண்ட நிலத்தில் எது வளரும் என்று ஆராயவே 1959 முதல் ஜோத்பூரில் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது.

அங்கே இருப்பது இங்கே இல்லையா? உண்டு!

மாசி மாதம் பாறைக் குன்றுகளைப் பாருங்கள். கோங்க மரம் ஓர் இலை இல்லாமல் குச்சி குச்சியாக நிற்கும். நுனியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பொன் மஞ்சள் பூ! புரச மரம் நெருப்புப் பிடித்தது மாதிரி செம்மஞ்சளாகப் பூக்கும். சென்னையில் புரசைவாக்கம் என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் இந்த மரத்தால் வந்ததுதான். இதன் இலையைத்தான் தைத்துச் சாப்பாட்டு இலையாகப் பயன்படுத்தினார்கள். இலவ மரமும் இதே காலத்தில் இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும்.

இலை உதிர்ந்த பின் பூப்பது ஏன்? இலைதான் தண்ணீரை ஆவியாக விட்டுவிடும் ஓட்டை. அதை அடைத்துவிட்டால் மிச்சத் தண்ணீர் பூவுக்கு ஆகும். இலை மறைக்காததால் மைனாவுக்கும் தேன்சிட்டுக்கும் தூரத்திலிருந்தே பூ தெரியும். பூ காயாகி, வெடித்து, பஞ்சோடு விதை பறந்து விழுவதற்கும் மழை வருவதற்கும் சரியாக இருக்கும். கணக்குப்பிள்ளை தோற்றான்!

திருத்தணி மலைக்கும் ஒரு பூக்கதை உண்டு. அதுவும் கிழங்குப் பூவே. இந்திரன் இந்த மலையில் சுனை எடுத்து நீலக் குவளைக் கிழங்கை நட்டு வளர்த்தான் என்றும், காலை, நண்பகல், மாலை என்று நாளுக்கு மூன்று பூ முருகனுக்குப் பூத்தது என்றும் புராணம் சொல்கிறது. கணக்கில்லாமல் பூத்துக் குலுங்கியதாகச் சொல்லியிருக்கலாம். மூன்றே பூ என்று சொன்னது பாறை மலையில் தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் கட்டிய கதை என்பதைக் காட்டுகிறது.

எதை நடலாம்?

மரங்களுக்கு இடம் வேண்டும். தெருவை ஒட்டிய சிறு வீட்டுக்குத் தொட்டியும் இரண்டு முழப் பாத்தியும் போதும். என் தேர்வை எழுதுகிறேன்.

முதல் இடம் டிசம்பர் பூவுக்கு. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று மூன்று நிறம். மணம் இல்லை, அது ஒன்றுதான் குறை. கார்த்திகையில் ஆரம்பித்தால் மாசி வரை சளைக்காமல் பூக்கும். மல்லிகை இல்லாத மாதங்கள் அத்தனையும் இது ஈடுகட்டும். இதோடு கனகாம்பரத்தையும் மாற்றி மாற்றிக் கட்டினால் குழந்தையின் சடை நிறைந்துவிடும்.

அடுத்தது சம்பங்கி. கலியாண மாலையில் வெள்ளை வெள்ளையாகக் கோத்திருப்பார்களே, அதுதான். இது நம் நாட்டுப் பூ என்று பலர் நினைக்கிறார்கள். பிறந்த இடம் மெக்சிகோ! கடல் கடந்து வந்து நம் மாலையில் ஏறிக்கொண்டது. சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் ஏக்கராக இதைப் பயிர் செய்கிறார்கள். பெங்களூரில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பிரஜ்வல், சிருங்கார் என்று நல்ல ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஆனி, ஆடியில் கிழங்கை நட வேண்டும். மூன்று, நான்கு மாதத்தில் பூ. பனியில் கொஞ்சம் சுணங்கும். வெயில் ஏறியதும் மறுபடி தண்டு நீட்டும். தண்ணீர் கிடைக்காவிட்டால் இலை வாடும், கிழங்கு சாகாது. மழை வந்ததும் பிழைத்து எழும்.

பூ சூட வேண்டாம், கண்ணுக்கு அழகு போதும் என்பவர்களுக்கு அடீனியம். பாலைவன ரோஜா என்று நாற்றுக்காரர்கள் விற்கிறார்கள். அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பாறையில் வளர்வது. அடிமரம் யானைக்கால் மாதிரிப் பருத்திருக்கும். அத்தனையும் தண்ணீர்ச் சேமிப்பு. பனிக்காலத்தில் தண்ணீரைக் குறைத்து, தை முடிவில் நுனியைக் கிள்ளி விட்டால் பங்குனியில் பூத்துக் குலுங்கும். இதன் பாலில் விஷம் உண்டு. ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவினார்கள். தொட்டால் கையைக் கழுவிவிட வேண்டும்.

சோற்றுக் கற்றாழையை மருந்துக்கு வைத்திருப்பீர்கள். வயதான செடியாக இருந்தால் பனி முடியும் வேளையில் மஞ்சள் பூத்தண்டு விடும். தேன்சிட்டு வரும். பகல் வெயிலில் இந்தச் செடி மூச்சுத் துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து மூச்சு வாங்குகிறது. ஆகவேதான் வெயிலில் தண்ணீர் வீணாவதில்லை.

வாசல் பந்தலுக்குக் காகிதப்பூ. 1767-இல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று பிரேசிலில் நின்றபோது கண்ட கொடி இது. கப்பல் தலைவர் பூகன்வில் பெயரையே சூட்டினார்கள். இதற்குத் தண்ணீர் அதிகம் ஊற்றினால் இலைதான் வரும். காயப் போட்டால் பூ. வறண்ட ஊருக்கு இதைவிட ஒத்துப்போகிற கொடி எனக்குத் தெரியவில்லை.

பெரிய சிவப்பு லில்லி இருக்கிறதே, வெங்காயம் போன்ற குமிழும் நீண்ட தண்டின் உச்சியில் நாலைந்து பூவும், அதைப் பழக்கிப் பூக்க வைப்பது சுவாரசியமான வேலை. குழந்தைகளைச் செய்யச் சொல்லுங்கள். கார்த்திகைக் கடைசியில் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இலை மஞ்சளாகும், விட்டுவிடுங்கள். இரண்டு மாதம் தொட்டியைத் திண்ணை ஓரமாக வைத்து மறந்துவிட வேண்டும். தை முடிவில் வெயிலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் காட்டினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தண்டு கிளம்பிப் பூக்கும். பங்குனிப் பரீட்சை நேரத்தில் வீட்டில் ஒரு சந்தோஷம்.

காந்தள் எச்சரிக்கை

செங்காந்தளை விட்டுவிட்டுக் கிழங்குப் பூவைப் பற்றி எழுத முடியாது. தமிழ்நாட்டின் மாநில மலர். முருகனுக்கு உகந்த பூ என்று சங்க நூல்கள் கொண்டாடும் பூ. ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுதான் தேசிய மலர். மழைக்காலத்தில் வேலியில் ஏறி, தீக்கொழுந்து மாதிரிப் பூக்கும். ஈழத்தில் கார்த்திகைப் பூ என்பார்கள். பின்பனியில் கொடி காய்ந்து, விதை முற்றும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கப் போய்விடும்.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து வறண்ட நிலங்களில் விதைக்காக இதைப் பயிர் செய்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் என்ற சரக்கு மூட்டுவாத மருந்துக்கு உதவுகிறது, வெளிநாட்டுக்குப் போகிறது.

அழகு, வருமானம் இரண்டும் உண்டு. ஆனால் குழந்தைகள் விளையாடும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம் என்பது என் கண்டிப்பான அபிப்பிராயம். வேர் முதல் விதை வரை விஷம். கிழங்கு பார்ப்பதற்கு வள்ளிக்கிழங்கு போல இருக்கும். தெரியாமல் வேகவைத்துத் தின்று உயிர் விட்டவர்கள் இங்கேயும் உண்டு, இலங்கையிலும் உண்டு. காட்டில் இருப்பதைத் தோண்டி எடுத்துக்கொண்டு போவதையும் நிறுத்த வேண்டும். கிழங்கைத் தோண்டினால் அந்த வேலியில் அடுத்த மழைக்குப் பூ இல்லை. காட்டுக் காந்தள் இப்படித்தான் பல இடங்களில் அருகிப் போயிற்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அடீனியம் இரண்டு, கற்றாழை இரண்டு, லில்லி மூன்று. ஆக ஏழு தொட்டி. தொட்டிக்கு வாரம் ஒரு லிட்டர். ஏழு லிட்டர்.

டிசம்பர் மூன்று, கனகாம்பரம் இரண்டு. ஒன்றுவிட்டு ஒரு நாள் செடிக்கு ஒரு லிட்டர். வாரத்துக்குப் பதினெட்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பங்கிப் பாத்தியில் பத்துக் கிழங்கு. மூன்று நாளைக்கு ஒரு முறை ஐந்து லிட்டர். வாரத்துக்குப் பன்னிரண்டு.

மொத்தம் முப்பத்தேழு. ஏழால் வகுத்தால் நாளுக்கு ஐந்து லிட்டர் சொச்சம். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் மூன்றில் ஒரு பங்கு! அரைக் குடம் என்று நான் சொன்னதற்குள் அடங்கிவிட்டது. மாடு இல்லாத வீட்டில் அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீருமே இதற்குப் போதும். தனியே சுமக்க வேண்டியதில்லை.

நெசவு ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். அதில் உப்பும் காரமும் உண்டு. செடியும் போகும், மண்ணும் கெடும்.

சம்பங்கிப் பாத்தியின் நடுவில் ஒரு மண்பானையைக் கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வைப்பது பழைய உத்தி. பானை கசிந்து கசிந்து வேருக்கு ஈரம் கொடுக்கும். வெயில் குடிக்க முடியாது. உடைந்த விளிம்புப் பானையாக இருந்தாலும் சரி.

தொட்டி மண்ணில் பாதி செம்மண், பாதி மணல், ஒரு கை மக்கிய சாணம். அடியில் ஓட்டை அவசியம். கிழங்குச் செடி தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, ஊற்றி ஊற்றி அழுகிச் சாவதே அதிகம்.

"குடிக்கவே தண்ணீர் இல்லை!"

"குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது பூ ஒரு கேடா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோடை முற்றித் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில், செடிக்கு ஊற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தக் கஷ்டம் முற்றுவதற்குள் இந்தச் செடிகள் தங்கள் காரியத்தை முடித்துக்கொள்கின்றன. சித்திரையில் நீங்கள் சொட்டுத் தண்ணீர் கொடுக்காவிட்டாலும் சம்பங்கிக் கிழங்கு உறங்கும். அடீனியம் இலை உதிர்த்து நிற்கும். கற்றாழை சிவந்து சுருங்கும். மழைக்குப் பிழைத்துக்கொள்ளும். ரோஜா அப்படியா? பத்து நாள் கவனிக்காவிட்டால் குச்சி.

"எல்லாரும் வீட்டிலேயே பூ வளர்த்தால் பூ விவசாயி என்ன ஆவான்?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகாது. மல்லிகைக்கு ஆசைப்படாத வீடு தமிழ்நாட்டில் ஏது? பங்குனியில் மல்லி மலிந்ததும் டிசம்பர் பூவை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதுவும் அப்போது பூத்து ஓய்ந்திருக்கும்.

டிசம்பர் பூச்செடியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இந்த மாசியில் யார் வீட்டு வாசலில் பூத்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் முதல் மழை விழுந்ததும் போய், "அக்கா, ஒரு சாண் குச்சி ஒடித்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே. நிழலில் பதினைந்து நாள் வைத்தால் வேர் பிடித்துவிடும். மார்கழியில் கோலம் போட வாசலுக்கு வரும்போது முதல் பூ இருக்கும்.